எஞ்சின் மாற்றுவதற்கு முன்னால்

ஜூன் 3

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

வணக்கம். உங்களை எப்படி அழைப்பது என்று தெரியாமல் இரண்டு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். முறையைப் பார்த்தால் நீங்கள் மூத்தவர், அக்கா என்று எழுத வேண்டும். வயதைப் பார்த்தால் நான்தான் பெரியவள். அதனால் பொதுவாக அம்மா என்று போட்டுவிட்டேன். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

நான் யார் என்று இதற்குள் புரிந்திருக்கும். நீங்கள் பிரிந்துபோனவருக்கு அப்புறம் வாழ்க்கைப்பட்டவள், செடி நர்சரி வைத்திருப்பவள். அவர் காலமாகி வருஷம் திரும்பப் போகிறது. உங்கள் மகள் நலம். சின்ன வயதில் நீங்கள் வைத்த சுண்டு என்ற பெயரைச் சொல்லித்தான் இன்னும் கூப்பிடுகிறோம். ஆனால் வளர்ந்து என் தலைக்கு மேல் போய்விட்டாள். அவளுக்குத் தெரியாமல்தான் இதை எழுதுகிறேன்.

விஷயம் எங்கள் வேனைப் பற்றியது. அதன் எஞ்சின் தேய்ந்துவிட்டது, மாற்றவேண்டும் என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். அதற்கு முன்னால் கார்புரேட்டரைச் சரிசெய்கிறேன் என்று கழற்றித் தட்டில் பரப்பினார். பரப்பியது பரப்பியபடி இருக்கிறது, அவர் இல்லை. இத்தனை நாளும் வாடகை வண்டியில் கன்றுகளை அனுப்பினேன். அவர்கள் செடியைச் செங்கல் மாதிரி அடுக்குகிறார்கள். இப்போது புதுச் சாலையின் இரண்டு பக்கமும் மரம் நட நகரசபை என்னிடம் கன்று கேட்டிருக்கிறது. மழை பிடிப்பதற்குள் அந்த மேட்டுச் சாலை முழுக்கக் கொண்டுபோய் இறக்க வேண்டும். சொந்த வண்டி இல்லாமல் நடக்காது.

பக்கத்து வெல்டர், "அதைத் தூக்கிப் பழைய இரும்புல போடுங்கக்கா, எஞ்சினோட சேர்த்து எல்லாமே புதுசா வாங்கிக்கலாம்" என்கிறார். வேறு நாலு பேரிடம் கேட்டேன். "துறைமுகத்துப் பக்கம் ஒரு அம்மா இருக்காங்க, கார்புரேட்டர்னா அவங்கதான்" என்றார்கள். அது நீங்கள்தான் என்று தெரிந்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

போனில் கேட்டிருக்கலாம். எனக்கு உங்களிடம் போனில் பேச்சு வராது. எழுதிவிடலாம் போலிருந்தது. சரிசெய்ய முடியுமா, நானே செய்யலாமா, சொல்லுங்கள்.

இப்படிக்கு,
செடிக்காரி

ஜூன் 9

வணக்கம்.

கடிதம் கிடைத்தது. உங்கள் வீட்டுக்காரர் பாதியில் விட்ட வேலையை முடித்துக் கொடுப்பது என் பொறுப்பு இல்லை. ஆனால் நல்ல கார்புரேட்டரை இரும்புக் கடையில் போடச் சொன்ன அந்த வெல்டருக்குப் பதில் சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை.

முதலில் ஒன்று. கார்புரேட்டரைச் சரிசெய்து நேராகப் புது எஞ்சினில் பூட்டக்கூடாது. பழைய எஞ்சினில் பூட்டி ஓட்டிப் பாருங்கள். பழைய எஞ்சின் எங்கே இருமும், எங்கே முரண்டு பிடிக்கும் என்று உங்களுக்கு அத்துப்படியாக இருக்கும். புதிதாக வருவதோ முன்பின் தெரியாத ஆள். இரண்டையும் ஒரே நாளில் மாற்றினால், கோளாறு வரும்போது யாரைத் திட்டுவது என்று தெரியாது.

எல்லாப் பாகத்தையும் பெட்ரோலில் ஊறவைத்துக் கழுவுங்கள். அடுப்பு பக்கத்தில் இருக்கக்கூடாது. ஜெட் என்பது நடுவில் சின்னத் துளை உள்ள பித்தளைத் துண்டு, எஞ்சினுக்கு எவ்வளவு பெட்ரோல் போகும் என்பது அந்தத் துளையில் இருக்கிறது. அதில் கம்பியை விட்டுக் குத்தாதீர்கள். காற்று அடித்தால் போதும். பெட்ரோல் கிண்ணத்துக்குள் மிதக்கும் மிதவையைச் சுடுநீரில் முக்குங்கள், குமிழி வந்தால் ஓட்டை. ரப்பர், கேஸ்கட் எதையும் பழையதைப் போடாதீர்கள். புது செட் ஒன்று இத்துடன் வைத்திருக்கிறேன்.

உங்கள் வேனுக்குப் பொருந்தும் எஞ்சின் ஒன்றை இங்கே பிரித்துக் கட்டி முடித்திருக்கிறோம். உங்களுடையதைவிட ஒரு சுற்றுப் பெரியது. கார்புரேட்டர் ஒழுங்காக ஓடியபிறகு அதைப் பற்றிப் பேசலாம்.

வீட்டில் நலம் என்று எழுதியிருந்தீர்கள். படித்தேன்.

இப்படிக்கு,
கார்புரேட்டர்க்காரி

ஜூன் 20

அன்புள்ள கார்புரேட்டர்க்காரம்மாவுக்கு,

நீங்களே போட்டுக்கொண்ட பெயர், அதனால் உரிமையோடு எழுதுகிறேன்.

கொல்லையில் பெஞ்சு போட்டு உட்கார்ந்தேன். கழுவியது வரை பிழையில்லை. கேஸ்கட் மாற்றும்போது குட்டி ஸ்ப்ரிங் ஒன்று என் கையிலிருந்து துள்ளி எங்கேயோ போய்விட்டது. தொட்டிகளுக்கு நடுவில் மண்டிபோட்டுத் தேடிக்கொண்டிருக்கும்போது சுண்டு வேலை முடிந்து வந்துவிட்டாள். காப்பீட்டு அலுவலகத்தில் நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிறவள், வந்ததும் கண்ணை மூடிப் படுத்துவிடுவாள். அன்றைக்குப் படுக்கவில்லை. பெஞ்சில் கிடந்த உங்கள் கடிதத்தை எடுத்தாள்.

"இது யாரு எழுதினது?"

"ஒரு மெக்கானிக்கும்மா."

"எந்த மெக்கானிக்? என் பொறந்தநாளுக்கு வருஷா வருஷம் கார்டு போடற மெக்கானிக்கா?"

நான் ஸ்ப்ரிங்கைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டேன். அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சாப்பிடவும் வரவில்லை. கடிதத்தைக் கையோடு கொண்டுபோய்விட்டாள் என்பதை அப்புறம்தான் கவனித்தேன்.

காலையில் பார்த்தால் தட்டைக் காணோம். அவள் மேஜையில் இருக்கிறது. ஒவ்வொரு பாகமும் பழைய துண்டின்மேல் வரிசையாக, கழற்றிய ஒழுங்கில். ஸ்ப்ரிங்கும் இருந்தது, எப்போது தேடினாளோ. நான் கைவைக்கப் போனேன். "தள்ளும்மா, நீ ஊசியையும் தொலைச்சிடுவே" என்றாள். அவர் வேலை செய்யும்போதெல்லாம் பக்கத்தில் நின்று ஸ்பேனர் எடுத்துக் கொடுத்த பெண், அவர் போனதற்கு அப்புறம் வேனின் பக்கமே போனதில்லை.

பூட்டி ஸ்டார்ட் செய்தோம். ஓடுகிறது, ஆனால் சும்மா நிற்கும்போது சத்தம் ஏறுகிறது, இறங்குகிறது, ஏறுகிறது. காற்றும் பெட்ரோலும் கலக்கிற அளவை மாற்றும் கலவை ஸ்க்ரூவை எந்தப் பக்கம் திருப்பினாலும் அடங்கவில்லை. என்ன செய்யலாம்? இதைக் கேட்பது நான்தான், அவள் இல்லை. அப்படியே எழுதச் சொன்னாள்.

அன்புடன்,
செடிக்காரி

ஜூன் 26

அன்புள்ள செடிக்காரிக்கு,

மிதவையின் மட்டம்தான் காரணமாக இருக்கும். கிண்ணத்தில் பெட்ரோல் அளவுக்கு மேல் நின்றால் இப்படித்தான் ஏறி இறங்கும். மூடியைக் கழற்றி, மிதவையின் தகட்டு நாக்கைக் கொஞ்சமாக வளைத்து மட்டத்தைக் குறைக்கச் சொல்லுங்கள். வளைக்கும்போது பெட்ரோலைத் திறந்து மூடும் ஊசிமேல் அழுத்தம் விழக்கூடாது.

கேட்டது நீங்கள்தான் என்பதைக் குறித்துக்கொண்டேன். பதிலும் உங்களுக்குத்தான்.

அவள் இன்னும் இடது கையால்தான் எல்லாம் செய்கிறாளா? இதற்குப் பதில் எழுதியாக வேண்டும் என்பதில்லை.

கார்புரேட்டர்க்காரி

ஜூலை 8

அன்புள்ள கார்புரேட்டர்க்காரம்மாவுக்கு,

இடது கைதான். கரண்டி, பேனா, ஸ்பேனர் எல்லாம். 

மிதவை மட்டத்தை அளந்து பார்த்தாள். சரியாக இருந்தது. "அது இல்லம்மா. அவங்க சொல்றது தப்பு" என்றாள். உங்களிடம் இதை எப்படிச் சொல்வது என்று யோசித்தேன். அப்படியே சொல்லிவிடுவது நல்லது.

எஞ்சினை ஓடவிட்டுத் தலையைச் சாய்த்து ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டே இருந்தாள். "எங்கேயோ காத்து இழுக்குது" என்றாள். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. என் காதுக்குத் தெரிந்ததெல்லாம் தண்ணீர்க் குழாய் சொட்டுகிற சத்தம்தான். ஆயில் டப்பாவை எடுத்து, ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் சுழலுமே அந்தத் தண்டு, அதன் இரண்டு முனையிலும் ஒரு சொட்டு விட்டாள். அம்மாடி! பால் குடித்த பிள்ளை மாதிரி எஞ்சின் அடங்கியது. ஆயிலை உறிஞ்சிக்கொண்டதும் மறுபடி ஏறி இறங்க ஆரம்பித்தது. தண்டு உட்காரும் துளை தேய்ந்து, அந்த இடைவெளியில் காற்று புகுந்திருக்கிறது.

பம்புசெட் பட்டறையில் லேத் இருக்கிறது. அங்கே போய் அளவு கொடுத்து துளைக்குள் செருக வளையம் மாதிரி இரண்டு பித்தளை புஷ் கடைந்து வாங்கிவந்து அடித்து இறக்கிவிட்டாள். வெல்டர் வேடிக்கை பார்க்க வந்தவர், கடைசியில் டார்ச்சு பிடித்துக்கொண்டு நின்றார்.

இப்போது சத்தம் ஒரே சீராக இருக்கிறது. ஆனால் கறுப்புப் புகை. ஜெட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுச் சிரிக்கத் தொடங்கினாள். "ஓட்டையை அடைக்கச் சோம்பல் பட்டுக்கிட்டு அப்பா ஜெட்டைப் பெரிசாக்கி பெட்ரோலை ஊத்தியிருக்காரும்மா! இவ்வளவு நாளும் நாம பெட்ரோல் கொட்டி ஓட்டியிருக்கோம்." அவள் சிரித்தாள், நானும் சிரித்தேன். அவர் போனபிறகு அவரைக் குறை சொல்லி நாங்கள் சிரித்தது அன்றைக்குத்தான். உங்களுக்கும் சிரிப்பு வரும் என்று நினைக்கிறேன். நீங்கள் அவரோடு ஒரே பட்டறையில் வேலை செய்தவர் ஆயிற்றே.

பழைய அளவு ஜெட் ஒன்று வேண்டும். இந்தத் தடவை கேட்கச் சொன்னது அவள்.

அன்புடன்,
செடிக்காரி

ஜூலை 13

அன்புள்ள செடிக்காரிக்கு,

ஜெட்டை உறையில் வைத்திருக்கிறேன். ஆமாம், சிரித்தேன். அவருடைய வேலைதான் அது, சந்தேகமே இல்லை.

நான் மிதவை என்றேன், அவள் இல்லை என்றாள், அவள் சொன்னது சரி. என்னோடு வேலை செய்கிறவர்கள் என் எதிரில் நின்று இல்லை என்று சொல்ல இன்னும் பயப்படுகிறார்கள். இந்தப் பெண் நான் எழுதிக் கொடுத்ததைப் பரிசோதித்துப் பார்த்துத் தள்ளிவிட்டாள். காதால் கேட்டுக் காற்றைப் பிடிப்பது எல்லாருக்கும் வாய்க்காது. இதை வைத்துக்கொண்டு காப்பீட்டு அலுவலகத்தில் என்ன செய்கிறாள்?

அவளை இங்கே அனுப்பிவிடுங்கள். பட்டறை முதலாளியிடம் பேசிவிட்டேன், உடனே சேர்த்துக்கொள்ளலாம் என்றார். கப்பல் எஞ்சின் முதல் பம்பு எஞ்சின் வரை எல்லாம் இங்கே வருகிறது. என் வீட்டு மாடியறை காலியாகத்தான் இருக்கிறது. நேற்று வெள்ளை அடித்தாயிற்று. ஜன்னலுக்குத் திரை வாங்கினேன், பச்சை நிறம். அவளுக்குப் பச்சை பிடிக்குமா? மாறியிருந்தால் சொல்லுங்கள், மாற்றிவிடலாம். கட்டில் நாளை வருகிறது. மாத முடிவில் அவள் வந்துவிட்டால் வசதியாக இருக்கும்.

அன்புடன்,
கார்புரேட்டர்க்காரி

ஜூலை 17

ஜெட் கிடைத்தது, நன்றி. மற்றதற்கு நன்றி இல்லை.

அனுப்பிவிடுங்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அவள் என்ன, பார்சலா?

அவளுக்கு ஆறு வயதிருக்கும்போது நீங்கள் விட்டுப் போனீர்கள். ஏழு வயதில் நான் வந்தேன். முதல் வருஷம் முழுக்க என்னைச் செடிக்காரி என்றுதான் கூப்பிட்டாள். வீட்டுக்கு வருகிறவர்களிடம், "அப்பா இல்லை, செடிக்காரி இருக்காங்க" என்பாள். அம்மா என்று கூப்பிடமாட்டாளா என்று நான் ஏங்கிக்கொண்டு நிற்கவில்லை, எனக்கு வேலை இருந்தது. ஒருநாள் தொட்டிக்கு மண் நிரப்பிக்கொண்டிருந்தேன். பின்னால் வந்து நின்று, "அம்மா, என் செருப்பு அறுந்துபோச்சு" என்றாள். நான் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பினால் வெட்கப்பட்டு வார்த்தையை எடுத்துக்கொண்டு ஓடிவிடுவாளோ என்று, மண்ணைப் பார்த்தபடியே "கொண்டா, தைக்கலாம்" என்றேன். அப்படிச் சேர்த்த பிள்ளை.

நீங்கள் கெட்டவர் என்று நான் ஒருநாளும் அவளிடம் சொன்னதில்லை. உங்கள் கார்டு ஒன்றைக்கூட அவளிடம் கொடுக்காமல் வைத்ததில்லை. உங்கள் கடிதத்தையும் இந்தக் கடிதத்தையும் அவளிடம் காட்டியாகிவிட்டது. படித்துவிட்டு மடித்துக் கொடுத்தாள், அவ்வளவுதான்.

பச்சை அவளுக்குப் பிடிக்காது. திரையைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

செடிக்காரி

ஆகஸ்டு 6

அன்புள்ள செடிக்காரிக்கு,

உங்கள் கடிதத்துக்கு உடனே பதில் எழுத உட்கார்ந்தேன். எழுதியதெல்லாம் வக்கீல் நோட்டீசு மாதிரி வந்தது. அதனால் விட்டுவிட்டேன்.

நீங்கள் எழுதியது சரி. அவளைக் கேட்காமல் அவளுக்குக் கட்டில் வாங்கியிருக்கக்கூடாது. உங்களிடம் அப்படி எழுதியதும் தவறு. கடைக்காரர் திரையைத் திருப்பி வாங்க மாட்டேன் என்றுவிட்டார். பட்டறையில் ஜன்னலுக்குப் போட்டாயிற்று, எல்லாரும் கேலி செய்கிறார்கள்.

மழை நெருங்குகிறது, உங்களுக்கு வண்டி வேண்டும். எஞ்சின் தயாராக இருக்கிறது. நான்கு நாள் ஓடவிட்டுப் பார்த்துவிட்டேன், குறை இல்லை. லாரியில் ஏற்றி அனுப்பட்டுமா? இந்தத் தடவை எஞ்சினை மட்டும்தான் சொல்கிறேன்.

அன்புடன்,
கார்புரேட்டர்க்காரி

ஆகஸ்டு 11

அன்புள்ள கார்புரேட்டர்க்காரம்மாவுக்கு,

கடைசி வரியைப் படித்துச் சிரித்துவிட்டேன். கோபத்தில் இருப்பவளை இப்படியெல்லாம் சிரிக்க வைக்கக்கூடாது.

வேன் பிரமாதமாக ஓடுகிறது. உங்கள் ஜெட்டைப் போட்டபிறகு புகை போன இடம் தெரியவில்லை. எஞ்சின் சூடேறியதும், கலவை ஸ்க்ரூவை அவள் ஒரு நூல் திருப்புவாள், கேட்பாள், இன்னொரு நூல் திருப்புவாள். கேட்கும்போது நான் இருமினால்கூட முறைக்கிறாள். ஸ்பார்க் ப்ளக்கைக் கழற்றிக் காட்டினாள், பிஸ்கட் நிறத்தில் இருந்தது. அதுதான் சரியான நிறமாமே. தேய்ந்த எஞ்சினே இப்படி ஓடினால், மாற்றத்தான் வேண்டுமா என்று கேட்டேன். "லோடு ஏத்தினா மேட்டுல படுத்துடும்மா. கார்புரேட்டர் மூச்சுதான் கொடுக்கும், பலம் எஞ்சின்லேர்ந்துதான் வரணும்" என்றாள்.

உங்கள் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். "லாரி வேணாம். நானே போய் எடுத்துட்டு வரேன். வெறும் வண்டிதானே, அவ்வளவு தூரம் போயிடும்" என்றாள்.

"நானும் வரட்டுமா?"

"நீ எதுக்கு? கன்னுக்குத் தண்ணி யாரு ஊத்துவா?"

ஆக, வெள்ளிக்கிழமை வருகிறாள், தனியாக. எனக்குப் பயமே இல்லை என்றால் அது பொய். ஆனால் என் பயத்துக்காக அவளை வீட்டில் உட்கார வைக்கிறவள் நான் இல்லை. போகிறவள் திரும்பி வருவாள், அது எனக்குத் தெரியும். அவளிடம் என்ன பேசவேண்டும் என்று உங்களுக்கு நான் சொல்லித்தர மாட்டேன். ஒன்று மட்டும்: வேலையில் இருக்கும்போது கேள்வி கேட்காதீர்கள், அவளாகப் பேசுவாள்.

அன்புடன்,
செடிக்காரி

ஆகஸ்டு 18

அன்புள்ள செடிக்காரிக்கு,

அவள் பத்திரமாகக் கிளம்பிவிட்டாள், இந்தக் கடிதத்துக்கு முன்னால் உங்களிடம் வந்து சேர்ந்திருப்பாள். அவள் என்ன சொன்னாளோ தெரியாது. என் தரப்பை நானே எழுதுகிறேன்.

பட்டறை வாசலில் வேனை நிறுத்தினாள். வணக்கம் சொன்னாள். நானும் வணக்கம் சொன்னேன். பெற்றவளும் பிள்ளையும் வங்கியில் சந்தித்துக்கொண்ட மாதிரி இருந்தது. அப்புறம், "ஓடவிட்டுக் கேக்கறீங்களா?" என்று பானெட்டைத் திறந்தாள். கேட்டேன். இத்தனை வருஷத்தில் எத்தனையோ கார்புரேட்டர் என் கையில் போயிருக்கிறது. இதில் நான் தொட ஒன்றும் இல்லை. அதைச் சொன்னேன். "தெரியும்" என்றாள்.

எஞ்சினைச் செயின் பிளாக்கில் தூக்கி வேனின் பின்னால் இறக்கவேண்டும். சங்கிலி அவள் கையில், எஞ்சினைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு நான். நீங்கள் சொன்னபடி நான் எதுவும் கேட்கவில்லை. அவள்தான் கேட்டாள்.

"ஏன் என்னைக் கூட்டிட்டுப் போகலை?"

"நீ வரமாட்டேன்னு சொன்னே. அப்பாகூடத்தான் இருப்பேன்னு ஜன்னல் கம்பியைப் பிடிச்சுக்கிட்டே."

"அப்போ எனக்கு ஆறு வயசு."

"ஆமா."

"ஆறு வயசுல பல்லு தேய்க்க மாட்டேன்னும்தான் சொன்னேன். தேய்க்க வைக்கலையா?"

எஞ்சின் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் தொங்கிக்கொண்டிருந்தது. அவள் சங்கிலியை விடவில்லை, ஒரே நிதானமாகப் பிடித்திருந்தாள். பதில் இருக்கிற மாதிரி நான் சமாளிக்கவில்லை. "இல்லம்மா, எங்கிட்ட பதில் இல்லை" என்றேன். "சரி. இடது பக்கம் தள்ளுங்க, இறக்கறேன்" என்றாள். கீறல் இல்லாமல் இறக்கினாள்.

அப்புறம் சாதாரணமாகத்தான் பேசினோம். "எங்கம்மாவுக்குப் போன் பண்ணிடறேன், காத்துட்டிருப்பாங்க" என்றாள். அது நீங்கள்தான் என்று புரிய எனக்கு ஒரு கணம் ஆயிற்று. அந்தக் கணம் நன்றாக இல்லை. பிறகு, அவள் உங்களிடம் சாப்பாட்டைப் பற்றிப் பொய் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். காலையில் ஒன்றும் தின்னவில்லை அவள். பக்கத்தில் உட்கார வைத்துச் சாப்பிட வைத்தேன்.

முதலாளி வேலையைப் பற்றி அவராகவே கேட்டார். "யோசிச்சுச் சொல்றேன் சார். இந்த மழைக்கு எங்களுக்கு மரம் நடற வேலை இருக்கு" என்றாள். நான் குறுக்கே பேசவில்லை. அவள் யோசிக்கட்டும், உங்களிடமும் பேசட்டும்.

புது எஞ்சினுக்கு ஜெட் ஒரு அளவு பெரிதாக வேண்டும் என்று நான் சொன்னேன், வேண்டாம் என்றாள். இரண்டையும் கையில் கொடுத்துவிட்டேன். கிளம்பும்போது ஸ்டியரிங்கில் உட்கார்ந்துகொண்டு, "எஞ்சினை மாத்தினப்புறம் முழு லோடோட மேடு ஏத்திப் பார்க்கணும். யாரு சொன்னது சரின்னு நீங்களே வந்து கேளுங்க" என்றாள்.

கூப்பிட்டது அவள். ஆனால் வீடு உங்களுடையது. நீங்கள் வரச் சொல்லாமல் நான் வரமாட்டேன். வரலாமா?

அன்புடன்,
கார்புரேட்டர்க்காரி

ஆகஸ்டு 23

அன்புள்ள தங்கச்சிக்கு,

வாருங்கள். இதைக் கேட்டு எழுதியதற்காகவே இரண்டு நாள் சேர்ந்தாற்போல் தங்கிவிட்டுப் போகவேண்டும்.

எஞ்சினை மாற்றியாயிற்று. வெல்டர், பம்புசெட் பட்டறைக்காரர், சுண்டு, மூன்று பேருமாகப் பூட்டினார்கள். முதல் திருப்பிலேயே பிடித்துக்கொண்டது. வெல்டர் கைதட்டினார், நான் அழுதேன், அவள் எங்கள் இரண்டு பேரையும் சத்தம் போடாமல் இருக்கச் சொன்னாள். அவளுக்கு எஞ்சினைக் கேட்க வேண்டுமாம். ஜெட் விஷயத்தில் அவள் இன்னும் பிடிவாதமாகத்தான் இருக்கிறாள். உங்கள் துறைமுகத்து வேலையைப் பற்றியும் என்னிடம் பேசினாள். மழை முடியட்டும், உனக்குத் தோன்றியதைச் செய் என்று சொல்லிவிட்டேன். மனதார.

ஞாயிற்றுக்கிழமை காலை கன்றுகளை ஏற்றி மேட்டுச் சாலைக்குக் கிளம்புகிறோம். சனிக்கிழமையே வந்துவிடுங்கள். வேனில் முன்னால், ஓட்டுகிறவளுக்குப் பக்கத்தில் ஒரு ஆள்தான் உட்கார முடியும். எஞ்சின் சத்தம் அங்கேதான் நன்றாகக் கேட்கும், அதனால் அங்கே நீங்கள் உட்காருங்கள். நான் பின்னால் கன்றுகளோடு வருகிறேன். மேடு ஏறும்போது அவற்றைப் பிடித்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும், அந்த வேலை எனக்குத்தான் தெரியும்.

அன்புடன்,
அக்கா